1977 தேர்தல் ஆணை: கணித்ததும் நிகழ்ந்ததும்

தனிநாட்டுக்கான வாக்கெடுப்பின் பின்விளைவைக் கணிக்க முற்படுவோர் பெரும்பாலும் ஓர் எண்ணையே உற்று நோக்குகின்றனர்: ‘ஆம்’ என்றோர் எத்தனை விழுக்காடு? அந்த எண் மக்களின் விருப்பத்தை அளக்கும். அடுத்து நிகழப்போவதை அளக்க வேறு எண்கள் தேவை. இலங்கையின் 1977 பொதுத்தேர்தல் இதற்கு நல்ல சான்று.

சட்டத்தின் பார்வையில் அது நாடாளுமன்றத் தேர்தல். வடக்கிலும் கிழக்கிலும் அது வாக்கெடுப்பாகவே முன்வைக்கப்பட்டது. இதற்கு முன்னோட்டமும் இருந்தது. 1972 அரசியலமைப்பை எதிர்த்துப் பதவி துறந்த சா. ஜே. வே. செல்வநாயகம், 1975 பெப்ரவரியில் காங்கேசன்துறை இடைத்தேர்தலில் பெருவெற்றி பெற்று, அதைத் தனியரசுக்கான ஆணை என அறிவித்தார். 1976 மே 14 அன்று வட்டுக்கோட்டைத் தீர்மானம் அதனைக் கட்சியின் கொள்கையாக்கியது. 1977 ஏப்ரலில் அவர் மறைந்தபின், அமிர்தலிங்கம் தலைமையில் தமிழர் விடுதலைக் கூட்டணி தேர்தலைச் சந்தித்தது. அதன் தேர்தல் அறிக்கை அடுத்த கட்டத்தையும் முன்கூட்டியே வரைந்திருந்தது: வெற்றி பெறும் உறுப்பினர்கள் தமிழீழத் தேசியப் பேரவையாகக் கூடுவர், அரசியலமைப்பொன்றை வரைவர், அமைதி வழியிலோ நேரடி நடவடிக்கை மூலமோ விடுதலையை நிலைநாட்டுவர்.

ஜூலை 21 அன்று வடமாகாணத்தின் 14 தொகுதிகளும் கூட்டணிக்குக் கிடைத்தன. கிழக்கில் 4 இடங்கள். ஆணை கிடைத்துவிட்டது என்ற முடிவுக்கு வர இது போதுமானதாகத் தோன்றியது. ஆயினும் அதே இரவில் தெற்கில் எண்ணப்பட்ட வாக்குகளே பின்வந்த பன்னிரண்டு ஆண்டுகளைத் தீர்மானித்தன. 168 இடங்களில் ஐக்கிய தேசியக் கட்சி 140 இடங்களைப் பெற்றது. ஏறத்தாழ 51 விழுக்காட்டு வாக்குகள் ஆறில் ஐந்து பங்கு இடங்களாயின. சிறீலங்கா சுதந்திரக் கட்சி ஏறத்தாழ 30 விழுக்காடு வாக்குப் பெற்றும் 8 இடங்களுக்குச் சுருங்கியது. 6.4 விழுக்காடு பெற்ற கூட்டணிக்கு 18 இடங்கள். தொகுதிவாரித் தேர்தல் முறையின் இந்த விந்தையால், பிரிவினைக்கு ஆணை கேட்ட கட்சியின் தலைவர் நாட்டின் எதிர்க்கட்சித் தலைவரானார். தேசியப் பேரவை கூடவில்லை.

அன்றைய எதிர்பார்ப்புகள் இரண்டு ஊற்றுகளிலிருந்து பிறந்தவை. ஒன்று வங்கதேச முன்னுதாரணம். 1970 தேர்தலில் அவாமி லீக் கிழக்குப் பாகிஸ்தானின் 162 பொது இடங்களில் 160-ஐ வென்றது. அந்த 160 என்பது 300 பொது இடங்கள் கொண்ட அவையில் தனிப்பெரும்பான்மை. அதை மறுக்க இஸ்லாமாபாத் அவையைக் கூட்டாமலே இருக்க வேண்டியிருந்தது. 168-இல் 18 என்ற எண்ணுக்கு அத்தகைய வலிமை இல்லை. கொழும்பு அவையைக் கூட்டியே அதைக் கடந்து செல்ல முடிந்தது. இந்தியா படையுடன் தலையிட்டதும் வங்கதேசக் கணக்கின் ஒரு பகுதி என்பதை மறந்துவிடலாகாது.

மற்றொன்று ஐக்கிய தேசியக் கட்சியின் தேர்தல் அறிக்கை. மொழி, கல்வி, குடியேற்றம், வேலைவாய்ப்பு ஆகியவற்றில் தமிழர்க்குக் குறைகள் உண்டு என்று அது ஒப்புக்கொண்டது. அனைத்துக் கட்சி மாநாடு கூட்டுவதாக வாக்களித்தது. எனவே பேரம் பேசித் தீர்வு காணலாம் என்று நம்ப இடமிருந்தது. ஆனால் ஆறில் ஐந்து பங்கு இடங்களைக் கையில் வைத்திருக்கும் அரசுக்குப் பேரம் பேச வேண்டிய கட்டாயமில்லை. அந்த மாநாடு 1984 ஜனவரியில்தான் கூடியது. அதற்குள் 1983 ஜூலை நிகழ்ந்து முடிந்திருந்தது.

ஆணை தந்த அணியும் ஒன்றாக நிற்கவில்லை. கூட்டணியின் தொடக்கத் தலைவர்களுள் ஒருவரான தொண்டமான், மலையக மக்களின் நிலையைக் கருதித் தனிநாட்டுக் கோரிக்கையிலிருந்து விலகி நின்றார், 1978-இல் அமைச்சரானார். கிழக்கில் வென்ற நால்வரில் இருவர் இரண்டாண்டுகளுக்குள் ஆளுங்கட்சிக்கு மாறினர். தனியரசுக்கு ஆணை பெற்ற கட்சி, அதிகாரமும் நிதியும் குறைந்த மாவட்ட அபிவிருத்தி சபைகளை ஏற்று 1981-இல் தேர்தலில் நின்றபோது, இளைஞரிடையே அதன் சொல் மதிப்பிழந்தது. அத்தேர்தலையொட்டியே யாழ்ப்பாண நூலகம் எரிக்கப்பட்டது.

இலங்கை மக்கள் உண்மையான பொதுசன வாக்கெடுப்பைச் சந்தித்தது 1982 டிசம்பர் 22 அன்று. கேள்வி தனிநாடு பற்றியதன்று. 1977-இல் தேர்வான நாடாளுமன்றத்தின் ஆயுளை மேலும் ஆறாண்டு நீட்டலாமா என்பது. யாழ்ப்பாண மாவட்டம் 90 விழுக்காட்டுக்கு மேல் ‘இல்லை’ என்றது. நாடு முழுவதும் ஏறத்தாழ 54.7 விழுக்காடு ‘ஆம்’. இவ்வாறு 140 என்ற எண் 1989 வரை உயிர்வாழ்ந்தது. 1983 ஆகஸ்டில் அதே அவை நிறைவேற்றிய ஆறாம் திருத்தம் பிரிவினையை ஆதரியோம் என்ற உறுதிமொழியைக் கட்டாயமாக்கியது. அவைக்குச் செல்லாத கூட்டணி உறுப்பினர்கள் இடங்களை இழந்தனர். 1977-இல் ஆணை பெற்றவர்கள் அவையிலும் இல்லை. களத்திலோ ஆயுத இயக்கங்கள் அவர்களது இடத்தைப் பிடித்துக்கொண்டிருந்தன.

பிற நாடுகளின் அனுபவமும் இதையே காட்டுகிறது. 1999-இல் கிழக்குத் திமோரில் 78.5 விழுக்காட்டினர் தன்னாட்சித் திட்டத்தை மறுத்துப் பிரிவுக்கு வழிவிட்டனர். பெரும் வன்முறைக்குப் பின் பன்னாட்டுப் படை வந்தது. 2002-இல் நாடு பிறந்தது. 2017-இல் ஈராக்கியக் குர்திஸ்தானில் 92 விழுக்காட்டுக்கு மேல் ‘ஆம்’. ஒரு மாதத்துக்குள் கிர்குக் பறிபோனது. கூடுதல் விழுக்காடு பெற்ற தரப்பே நிலத்தை இழந்தது.

ஆகவே இத்துறையில் ஆய்வு செய்யும் மாணவர் வாக்கு விழுக்காட்டுக்கு அப்பால் நான்கு வினாக்களை எழுப்ப வேண்டும். மறுதரப்பின் பெரும்பான்மை எத்தகையது? முடிவை ஏற்கச் செய்யும் புறச் சக்தி எது? ஆணை கேட்டோரின் அணி எவ்வளவு காலம் சிதறாதிருக்கும்? அவர்கள் அறிவித்த அடுத்த அடியை எடுத்து வைக்க அவர்களிடம் வழி உண்டா? 1977 தேர்தல் முடிவுகளிலேயே இவற்றில் முதல் வினாவுக்கான விடை இருந்தது. அன்று பலரும் 18-ஐயே படித்தனர். 140-ஐப் படித்தவர் சிலரே.