பர்மாவும் நாமும்

கொங்கணக் கரையிலுள்ள இரத்தினகிரி என்றதும் நம் நினைவுக்கு வருவது மாம்பழமே. பர்மாவின் கடைசி மன்னர் தீபோவின் சமாதியும் அங்கேதான் உள்ளது என்பதை நம்மில் பலர் அறிந்திலோம். 1885இல் ஆங்கிலேயர் அவரை அரியணையினின்று இறக்கி, 1886இல் இரத்தினகிரியில் காவலில் வைத்தனர். 1916இல் அங்கேயே அவர் உயிர் நீத்தார். தில்லியின் கடைசி முகலாய மன்னர் பகதூர் ஷாவோ இரங்கூனுக்கு நாடு கடத்தப்பட்டு, 1862இல் அங்கு மறைந்தார். பம்பாய் நீதிமன்றம் தண்டித்த லோகமான்ய திலகரும் 1914 வரை மண்டலைச் சிறையில் வாடினார். 'கீதா ரகசியம்' அங்கு எழுதப்பட்டதே.

மன்னர்கள் கைதிகளாய்ச் சென்ற அந்நாட்டிற்கு நம்மவர் பிழைப்புத் தேடிச் சென்றனர். ஐராவதிக் கழிமுகத்தில் காடு திருத்திய உழவர்க்கு நகரத்தார் கடன் கொடுத்தனர். வயலிலும் ஆலையிலும் தமிழ்த் தொழிலாளர் உழைத்தனர். 1930ஐ ஒட்டி நெல்விலை வீழ்ந்தது. கடன் திரும்பவில்லை, நிலம் கைமாறியது. கீழ்ப் பர்மாவின் 13 முதன்மையான நெல் மாவட்டங்களில், 1930இல் நூற்றுக்கு 6 பங்காக இருந்த நகரத்தார் நிலவுடைமை 1938இல் 25 பங்காயிற்று. நிலமிழந்த பர்மிய உழவனின் மனப்புண்ணை நாம் மறைத்தல் முறையன்று. ஆயினும் அதன் பலனை வட்டி வாங்கியவர் மட்டுமின்றி, மூட்டை சுமந்தவரும் அனுபவித்தனர்.

1941 டிசம்பரில் ஜப்பானியர் இரங்கூன்மீது குண்டு வீசினர். ஏறத்தாழ 4 இலட்சம் இந்தியர் மலையும் காடும் கடந்து தாயகம் நோக்கி நடந்தனர். பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். 1962இல் நெ வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் நாட்டுடைமையாயின. 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதனவாயின. பல்லாண்டு உழைத்தோர் வெறுங்கையுடன் சென்னைக்குக் கப்பலேறினர். சென்னையின் பர்மா பஜார் அவர்கள் வாழ்வைத் தொடங்கிய இடம். பர்மாவுக்கே மீளலாமென்று தரைவழியே சென்று, எல்லையில் தடுக்கப்பட்டோர் மணிப்பூரின் மோரேயில் தங்கித் தமிழ்ச் சங்கமும் கோயிலும் கண்டனர்.

மியன்மா எனப் பெயர் மாறிய அந்நாட்டில், 2021 பிப்ரவரி 1இல் படையினர் மீண்டும் ஆட்சியைப் பறித்தனர். உள்நாட்டுப் போர் மூண்டது. 2025 மார்ச் 28இல் நிலநடுக்கமும் மண்டலையைச் சிதைத்தது. ஆயினும் இரங்கூனில் தமிழர் எழுப்பிய காளி கோயில் நிற்கிறது. தமிழ்க் குடும்பங்களும் அங்கு வாழ்கின்றன.

போர் நடக்கும் மண்ணுக்கு உல்லாசப் பயணம் செல்லுங்கள் என நாம் கூறோம். ஆனால் இரத்தினகிரி தொலைவில் இல்லை; கொங்கண இரயிலில் ஒரு பகலில் சென்றடையலாம். அடுத்த விடுமுறையில் குழந்தைகளை அச்சமாதியின் முன் நிறுத்துவோம். மாதுங்காவிலோ, தாராவியிலோ, செம்பூரிலோ பர்மா கண்ட குடும்பத்துப் பெரியவர் இருப்பின், அவர் சொல்வதை எழுதி வைப்போம். பிழைக்கப் போன ஊரை நம் ஊரென நம்பியோர் கதை அது. பம்பாயில் வாழும் நமக்கு அது அயலார் கதையன்று.