பெயர் பதிந்தால்தான் உரிமை: பினாங்கு நீதிமன்றப் பதிவகத்தின் கதை



தோட்டப்புறத்தில் வளர்ந்தவர்களுக்குக் ‘கிராணி’ என்னும் சொல் நன்கு பழக்கமானது. விடியற்காலைப் பெரட்டில் நின்று பேர் போடுகிறவர் அவர். அவர் பேர் போடாவிட்டால் அன்று உழைத்ததற்குக் கூலி கிடையாது. மலாய் மொழியின் ‘கெரானி’யும் இதே சொல்தான். எழுத்து வேலையைக் குறிக்கும் ‘கரணம்’ என்ற வடசொல்லோடு இதனைத் தொடர்புபடுத்துவர். சோழர் காலக் கல்வெட்டுகளிலும் ஊர்க் கணக்கெழுதிய ‘கரணத்தான்’ இடம்பெறுகிறான். எழுதுகிறவனின் ஏட்டில் பெயர் இருந்தால்தான் உரிமை உண்டு என்பது நெடுங்காலமாகவே நிலவிவரும் நடைமுறை. நீதிமன்றமும் இதற்கு விலக்கன்று. நீதிபதியை அனைவரும் அறிவர். அவருக்குப் பின்னால் இயங்கும் பதிவகத்தை அறிந்தவர் சிலரே. அதைப் பற்றியதே இக்கட்டுரை.

ஏடில்லாத காலம்

1786-ஆம் ஆண்டு ஆகஸ்டு 11-ஆம் நாள் பிரான்சிஸ் லைட் பினாங்குத் தீவில் ஆங்கிலேயர் கொடியை ஏற்றினார். அதன்பின் ஏறத்தாழ இருபது ஆண்டுகள் இத்தீவில் முறையாக நிறுவப்பட்ட நீதிமன்றம் இல்லை. சூலியர், சீனர், மலாய்க்காரர் என அந்தந்த இனத்தின் கப்பித்தான்கள் சிறு வழக்குகளைத் தீர்த்துவைத்தனர். 1801-இல் ஜான் டிக்கன்ஸ் என்ற வழக்கறிஞர் வங்காளத்திலிருந்து நீதிபதியாக வந்து சேர்ந்தார். ஆயினும் எந்தச் சட்டத்தைக் கொண்டு தீர்ப்பளிப்பது என்பது அப்போதும் தெளிவாகவில்லை.

1807-ஆம் ஆண்டு மார்ச்சு 25-ஆம் நாள் இங்கிலாந்து மன்னர் வழங்கிய நீதிச் சாசனம் இந்நிலையை மாற்றியது. அதன்படி அமைந்த நீதிமன்றம் 1808 மே 31-ஆம் நாள் கார்ன்வாலிஸ் கோட்டையில் திறக்கப்பட்டது. சர் எட்மண்ட் ஸ்டான்லி அதன் முதல் ‘ரெக்கார்டர்’ ஆனார். ரெக்கார்டர் என்பது அந்நாளில் நீதிபதிக்கு வழங்கிய பதவிப்பெயர். ‘ஏட்டில் பதிபவர்’ என்பதே அச்சொல்லின் நேர்பொருள்! உயில், இறந்தவர் சொத்து ஆகியவற்றைக் கவனிக்கும் அதிகாரமும் இம்மன்றத்திற்கு இருந்தது. மக்களின் சமயத்திற்கும் வழக்கத்திற்கும் இயன்றவரை இடம்கொடுத்து அவ்வதிகாரத்தைச் செலுத்த வேண்டும் என்பது சாசனத்தின் கட்டளை.

ஏடு காத்த வரலாறு

அந்நாளைய வழக்குகளை நாம் இன்று எப்படி அறிகிறோம்? ஏடுகள் இருந்ததால்தான். நார்ட்டன் கைஷ் என்ற வழக்கறிஞர் 1808 முதல் 1884 வரையிலான வழக்குகளைத் தேடித் தொகுத்து நூல்வரிசையாக வெளியிட்டார். பிற்காலத்தில் ஹாங்காங் உச்ச நீதிமன்றத்தின் பதிவாளராக அமர்ந்தவர் இவரே. முதல் தொகுதியின் முதற்பக்கத்தில் இருப்பது, காமு என்பவர் தாமஸ் பாசெட் என்பவர்மீது 1808-இல் தொடுத்த வழக்கு. பெயர் பதியப்பட்டதால் இரு நூற்றாண்டுகளுக்குப் பின்னும் காமு மறக்கப்படவில்லை.

பினாங்கைச் சேர்ந்த சீனப் பெண்மணி ஒருவரின் உயில் இலண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று 1875-இல் தீர்ப்புப் பெற்றது. முன்னோர் வழிபாட்டுக்கென ஒரு வீட்டை என்றென்றைக்கும் ஒதுக்கிவைத்த ஏற்பாடு செல்லாது என்று முடிவானது. கடல்கடந்த நீதிபதிகள் அந்த அம்மையாரைக் கண்டதில்லை. அவர்கள் கண்டதெல்லாம் ஆவணங்களையே.

பதிவகம் ஆற்றும் பணிகள்

லைட் சாலையில் அமைந்துள்ள நீதிமன்றக் கட்டடத்தைக் கடந்து செல்லாத பினாங்குவாசி இருக்கமாட்டார். பதிவகம் அங்கே என்ன செய்கிறது? மனுவைப் பெற்றுக் கட்டணம் வசூலித்து எண்ணிடுகிறது. முத்திரையிட்டு அழைப்பாணை வெளியிடுகிறது. வழக்குத் தேதியைக் குறிக்கிறது. பிணைப் பணத்தைப் பெறுகிறது. தீர்ப்பின் சான்றுநகலை வழங்குகிறது. நாள் குறிக்கப்படாத வழக்கு விசாரணைக்கு வராது. முத்திரையில்லாத ஆணைக்கு வலிமையில்லை. இன்று பெரும்பாலான ஆவணங்கள் மின்வழியே பதிவாகின்றன. கணினி வந்தாலும் ஏட்டின் கடமை மாறவில்லை.

எளிய மக்களுக்குப் பயன்படும் ஒன்றை இங்குக் குறிப்பிட வேண்டும். 5,000 ரிங்கிட்டுக்கு மேற்படாத கோரிக்கையைத் தனிமனிதர் ஒருவர், வழக்கறிஞர் இல்லாமலேயே, மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் 198-ஆம் எண் படிவத்தைக் கொண்டு தாமே தொடுக்கலாம். 2012-ஆம் ஆண்டின் நீதிமன்ற விதிகள் இதற்கு வழிவகுத்துள்ளன. ஆயினும் பதிவகப் பணியாளர் நடைமுறையைச் சொல்வாரேயன்றி, வழக்கில் என்ன வாதிடலாம் என்று அறிவுரை கூறமாட்டார். இரு தரப்புக்கும் பொதுவானவர் அவர். அறிவுரைக்குச் சட்ட உதவித் துறையை நாடலாம்.

நம் குடும்பங்களில்

நம்மவர் பலர் உயில் எழுதாமலேயே மறைகின்றனர். அசையாச் சொத்தை உள்ளடக்கிய சொத்தின் மொத்த மதிப்பு 50 லட்சம் ரிங்கிட்டுக்கு மேற்படாதபோது, இத்தகைய விண்ணப்பம் நில அலுவலகம் சார்ந்த சொத்துப் பங்கீட்டுப் பிரிவுக்குச் செல்லும். 2024 ஜூலை 15 முதல் நடப்பிலுள்ள வரம்பு இது. அதற்கு மேற்பட்டால் உயர்நீதிமன்றத்தை நாட வேண்டும். எங்குச் சென்றாலும் முதலில் கேட்கப்படுவன இறப்புப் பத்திரமும் உறவை மெய்ப்பிக்கும் ஆவணங்களுமே.

இங்கேதான் தடுமாற்றம் தொடங்குகிறது. முத்துசாமி என்ற பெயரை ரோமன் எழுத்தில் ஒருவர் ஒற்றை ‘டி’ இட்டு எழுதுவார். மற்றொருவர் இரட்டை ‘டி’ இடுவார். வேறொருவர் ‘சாமி’யை ‘ஸ்வாமி’ ஆக்குவார். பிறப்புப் பத்திரத்தில் ஒன்று, அடையாள அட்டையில் ஒன்று, நிலப் பத்திரத்தில் ஒன்று என்றிருந்தால், மூவரும் ஒருவரே என மெய்ப்பிக்கும் சுமை கைம்பெண்ணின் மீதோ பிள்ளைகளின் மீதோ விழுகிறது. சத்தியப் பிரமாண ஆணையர் முன்னிலையில் உறுதிமொழி அளித்தும், அலுவலகம் அலுவலகமாக அலைந்தும் சரிசெய்ய வேண்டியிருக்கிறது. துயர வேளையில் இது எத்துணைப் பாரம்!

ஆசிரியர்களே, முதலாம் ஆண்டு மாணவரின் பெயரைப் பதிவேட்டில் எழுதும்போது பிறப்புப் பத்திரத்தோடு எழுத்தெழுத்தாக ஒப்பிட்டுப் பாருங்கள். வேறுபாடு இருந்தால் பெற்றோரிடம் அன்றே தெரிவியுங்கள். மேல்நிலை மாணவர்க்குப் படிவம் நிரப்பும் பயிற்சியை மொழிப்பாடத்தோடு சேர்த்தே கற்பிக்கலாம். பெற்றோர்களே, வீட்டிலுள்ள பத்திரங்களை ஒருநாள் மேசைமேல் பரப்பி, பெயர்களை ஒப்புநோக்குங்கள். பெயருக்குரியவர் உயிரோடிருக்கும்போது திருத்துவது எளிது.

பெரட்டில் பேர் விடுபட்டால் ஒருநாள் கூலிதான் போகும். பத்திரத்தில் பெயர் பிழைத்தால் ஒரு தலைமுறையின் வீடே போகக்கூடும். பிள்ளைகளுக்குத் தம் பெயரைப் பிழையின்றி எழுதக் கற்பிப்பதே நாம் தரும் முதல் சட்டக் கல்வி.

அன்புடன்,
உங்கள் தமிழாசிரியர்