அரிவாள் ரத்தசோகை: ஒரு எழுத்தும் ஒரு சுவிட்சும் சேர்ந்த 113 வருஷக் கதை

1/
நான் பயிற்சி மருத்துவரா இருந்தப்போ ஒரு ராத்திரி. மலைப்பகுதியிலிருந்து வந்த 19 வயசுப் பையன். "எலும்பெல்லாம் நொறுங்குற மாதிரி வலிக்குது சார்"னு கத்துறான். அடிபடவில்லை. வீக்கம் இல்லை. எக்ஸ்ரேயில் ஒன்றும் இல்லை. "இதுக்கு முன்னாடியும் இப்படித்தான் வந்து ஊசி போட்டுக்கிட்டுப் போனான்" என்றார் ஒருவர். நடிக்கிறான் என்று நாங்களே முடிவு கட்டிவிட்டோம். நானும்தான்.

2/
காலையில் வந்த சீனியர் அவன் கண்ணைப் பார்த்தார். லேசா மஞ்சள். ஒரு சொட்டு ரத்தத்தைக் கண்ணாடியில் தடவி மைக்ரோஸ்கோப்பில் வைத்துவிட்டு என்னைக் கூப்பிட்டார். வட்டமான சிவப்பணுக்களுக்கு நடுவே, கதிர் அறுக்கிற அரிவாள் மாதிரி வளைந்த அணுக்கள்.

அவன் நடிக்கவில்லை.

அந்த அரிவாளின் வரலாறுதான் இந்தத் திரெட். கொஞ்சம் நீளம். பொறுமையா படிங்க.

3/
1904, சிகாகோ. இருமலும் காய்ச்சலுமாக ஒரு பல் மருத்துவ மாணவர் மருத்துவமனைக்கு வருகிறார். வயது 20. கரீபியன் கடலில் இருக்கும் கிரெனடா தீவுக்காரர். எர்னஸ்ட் அயர்ன்ஸ் என்ற இளம் மருத்துவர் அவரது ரத்தத்தில் விசித்திரமான நீண்ட, வளைந்த அணுக்களைப் பார்க்கிறார். அயர்ன்ஸின் மேலதிகாரி ஜேம்ஸ் ஹெரிக், 1910-ல் அதைக் கட்டுரையாக வெளியிட்டார். அரிவாள் வடிவம் மருத்துவ இதழில் முதன்முதலில் பதிவானது அப்போதுதான்.

4/
கட்டுரையில் நோயாளியின் பெயர் இல்லை. அவர் வால்டர் கிளெமென்ட் நோயல் என்பது பிற்காலத்தில் தேடி எடுக்கப்பட்ட தகவல். படிப்பை முடித்து ஊர் திரும்பிப் பல் மருத்துவராக வேலை பார்த்தார். 1916-ல் நுரையீரல் பாதிப்பில் இறந்துபோனார். வயது 32. தனக்கு என்ன நோய் என்று அவருக்கு யாராலும் விளக்கியிருக்க முடியாது. ஏன்னா, அது என்னன்னு ஹெரிக்குக்கே தெரியாது.

5/
அடுத்த துப்பு 1927-ல் கிடைத்தது. ஹான், கில்லெஸ்பி என்ற இருவர் ஒரு எளிய சோதனை செய்தார்கள். இந்த நோயாளிகளின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை எடுத்தால் அணு அரிவாளாக வளைகிறது. ஆக்சிஜனைத் திருப்பிக் கொடுத்தால் பழைய வடிவத்துக்கு வருகிறது.

வலி எங்கிருந்து வருதுன்னு இதை வெச்சே சொல்லிடலாம். நல்ல சிவப்பணு, பஞ்சு மாதிரி நெளிந்து வளைந்து மிகச் சிறிய ரத்தக்குழாய்க்குள்ளும் நுழைந்து போகும். அரிவாள் அணு விறைப்பானது. குழாயில் மாட்டிக்கொண்டு வழியை அடைக்கும். அடைபட்ட இடத்துக்கு அப்பால் எலும்புக்கும் தசைக்கும் ஆக்சிஜன் போகாது. மாரடைப்பில் நெஞ்சு வலிக்கிற அதே காரணம்தான், இங்கே எலும்பில். எக்ஸ்ரேயில் எதுவும் தெரியாமல் இருக்கலாம். வலி நூறு சதவீதம் உண்மை.

6/
1945-ல் லைனஸ் பாலிங் என்ற வேதியியலாளர் ஒரு மருத்துவர் வாயிலாக இந்த ஆக்சிஜன் விஷயத்தைக் கேள்விப்படுகிறார். உடனே ஒரு யோசனை. சிவப்பணு என்பது கிட்டத்தட்ட ஹீமோகுளோபின் அடைத்த பை. ஆக்சிஜனைப் பிடிப்பதும் விடுவதும் ஹீமோகுளோபின். அப்படின்னா கோளாறு பையில் இல்லை, உள்ளே இருக்கிற புரதத்தில் இருக்கணும்.

7/
சோதித்துப் பார்த்த மாணவர் ஹார்வி இட்டானோ. ஜப்பானிய வம்சாவளி என்ற ஒரே காரணத்துக்காக 1942-ல் அமெரிக்க அரசு முகாமில் அடைத்து வைத்த, மருத்துவம் படிக்க அனுமதி பெற்று வெளியே வந்த மனிதர்.

இவர்கள் ஹீமோகுளோபினை மின்புலத்தில் ஓடவிட்டார்கள். நோயாளியின் ஹீமோகுளோபின் ஒரு மாதிரி நகர்ந்தது, ஆரோக்கியமானவருடையது வேறு மாதிரி நகர்ந்தது. நோய் இல்லாமல் மரபணுவை மட்டும் சுமப்பவர்களிடம் இரண்டு வகையும் கலந்திருந்தன. 1949-ல் வெளியான அந்தக் கட்டுரை இதை "மூலக்கூறு நோய்" என்று அழைத்தது. ஒரு நோயின் வேர் ஒரே ஒரு புரதத்தில் இருக்கிறது என்று மருத்துவம் கண்டது அதுதான் முதல் தடவை.

8/
இங்கே ஒரு நிமிஷம் புரதம் பற்றி.

புரதம் என்பது அமினோ அமிலங்கள் என்ற மணிகளைக் கோர்த்த மாலை. 20 வகை மணிகள். கோர்த்து முடித்ததும் மாலை தானாகவே மடிந்து சுருண்டு ஒரு வடிவத்துக்கு வரும். அந்த வடிவம்தான் வேலை செய்யும். ஹீமோகுளோபினில் 4 மாலைகள்: ஆல்ஃபா 2, பீட்டா 2. ஆல்ஃபாவில் 141 மணிகள், பீட்டாவில் 146.

9/
சரி, வித்தியாசம் எந்த மணியில்?

கேம்பிரிட்ஜில் மேக்ஸ் பெரூட்ஸ் 1930-களிலிருந்து ஹீமோகுளோபின் படிகங்களை எக்ஸ்கதிரில் படம் எடுத்துக்கொண்டிருந்தார். அதன் முப்பரிமாண வடிவம் பிடிபட 20 வருஷத்துக்கு மேல் ஆனது. 1962-ல் நோபல் பரிசு. அதே ஆய்வகத்தில் வேலை பார்த்த வெர்னான் இன்கிராம் வேறு வழியில் போனார். ஹீமோகுளோபினை நொதியால் துண்டு துண்டாக வெட்டி, துண்டுகளை ஈரக் காகிதத்தில் பரவவிட்டார். நல்ல ஹீமோகுளோபினிலும் நோயாளியுடையதிலும் புள்ளிகள் அச்சு அசலா ஒரே மாதிரி. ஒரே ஒரு புள்ளி மட்டும் இடம் மாறியிருந்தது.

10/
அந்தப் புள்ளியைப் பிரித்துப் பார்த்ததில் 1957-க்குள் விடை வந்துவிட்டது. பீட்டா மாலையின் 6-வது மணி. அங்கே குளூட்டாமிக் அமிலம் இருக்க வேண்டும். வேலின் இருக்கிறது. அவ்வளவுதான். 146-ல் ஒன்று.

டி.என்.ஏ-வில் பார்த்தால் இன்னும் சின்னது. ஏ என்ற எழுத்து இருக்க வேண்டிய இடத்தில் டி. ஒரே எழுத்துப் பிழை.

11/
ஒரு மணி மாறினால் என்ன ஆகிடும்?

குளூட்டாமிக் அமிலம் தண்ணீரோடு ஒட்டிப் பழகும். வேலின் எண்ணெய் மாதிரி, தண்ணீரை விட்டு ஒதுங்கப் பார்க்கும். ஹீமோகுளோபின் ஆக்சிஜனை இறக்கிவிட்டதும் அதன் வடிவம் லேசாக மாறும். அப்போது அதன் உடம்பில் ஒரு சின்னக் குழி திறக்கும். பக்கத்து ஹீமோகுளோபினின் வேலின் அந்தக் குழியில் போய் உட்கார்ந்துகொள்ளும். அதன் மேல் இன்னொன்று, அதன் மேல் இன்னொன்று. கடைசியில் கயிறு மாதிரி நீண்ட இழைகள் அணுவை உள்ளிருந்து முட்டித் தள்ளும். அதுதான் அரிவாள்.

12/
1927-ல் பார்த்த ஆக்சிஜன் புதிருக்கு விடை கிடைத்தது. காரணம் மணி வரை, எழுத்து வரை தெரிந்துவிட்டது. ஆனா நோயாளிக்கு என்ன கிடைச்சது? வலி மருந்து, ரத்தம் ஏற்றுதல். அவ்வளவே. பிழையை அழித்து எழுத அன்று யாரிடமும் ரப்பர் இல்லை.

ஆனால் வேறொரு வழி, பாலிங்கின் கட்டுரைக்கு ஒரு வருஷம் முன்னாடியே காகிதத்தில் ஏறியிருந்தது.

13/
1948, நியூயார்க்கின் புரூக்ளின். குழந்தை மருத்துவர் ஜேனட் வாட்சன் ஒரு விஷயத்தைக் கவனித்தார். மரபணுவோடு பிறந்த பச்சைக் குழந்தைகளின் ரத்தத்தில் ஆக்சிஜனை எடுத்தாலும் அரிவாள் அணுக்கள் மிகக் குறைவு. மாதங்கள் போகப் போகத்தான் கூடுகிறது. கருவில் இருக்கும்போது குழந்தைக்கு வேறு வகை ஹீமோகுளோபின் இருக்கிறதே, அதுதான் காப்பாற்றுகிறதோ என்று கேட்டார்.

மிகச் சரியான கேள்வி. அதை மருந்தாக மாற்றப் பல பத்தாண்டுகள் ஆயின.

14/
இதைப் புரிஞ்சுக்க மரபணு வெளிப்பாடு என்றால் என்னன்னு பார்க்கணும்.

உங்க உடம்பில் கருவைத்திருக்கும் செல்களில் ஏறக்குறைய எல்லாவற்றிலும் ஒரே டி.என்.ஏ புத்தகம்தான். தோல் செல்லிலும் ஹீமோகுளோபின் பக்கம் இருக்கு. ஆனால் அங்கே அந்தப் பக்கம் மூடியே கிடக்கும். எலும்பு மஜ்ஜையில் சிவப்பணுவாக மாறப்போகும் செல் மட்டும் அதைத் திறந்து, ஆர்.என்.ஏ-வாக நகல் எடுத்து, புரதம் செய்யும். எந்தப் பக்கம், எங்கே, எப்போது திறக்கணும் என்பதுதான் மரபணு வெளிப்பாடு. மரபணுக்களைத் திறக்கவும் மூடவும் தனியாக சுவிட்சுகள் உண்டு என்று 1961-ல் பாரிஸில் பாக்டீரியாவை வைத்துக் காட்டியவர்கள் ஜேக்கப், மோனோ. 1965-ல் நோபல்.

15/
கருவில் பீட்டாவுக்குப் பதில் காமா என்ற மரபணு திறந்திருக்கும். தாயின் ரத்தத்திலிருந்து ஆக்சிஜனை இழுக்க அது தோதானது. குழந்தை பிறந்ததும் காமா மெல்ல மூடும், பீட்டா திறக்கும். அரிவாள் பிழை இருப்பது பீட்டாவில். காமா மாலையில் அந்தப் பிழை இல்லை. இழை பின்னுவதையும் அது தடுக்கும். அதனால்தான் இந்த நோயின் அறிகுறிகள் பொதுவாக 6 மாதம் வரை தலைகாட்டாது.

அதாவது மாற்று மருந்து ஒவ்வொரு நோயாளியின் உடம்பிலும் இருக்கு. பூட்டி வெச்சிருக்கு.

16/
இப்போ நம்ம ஊர்ப் பக்கம். 1952-ல் லேமன், கட்புஷ் என்ற இரு ஆய்வாளர்கள் நீலகிரிப் பழங்குடி மக்களிடம் அரிவாள் அணுவைக் கண்டார்கள். ஆப்பிரிக்க வம்சாவளியினரின் நோய் என்றே பாடம் படித்தவர்களுக்கு அது ஆச்சரியம். 1954-ல் ஆப்பிரிக்காவில் ஆய்வு செய்த ஆண்டனி அலிசன் இன்னொன்றைக் காட்டினார்: ஒரே ஒரு பிரதி சுமப்பவர்களுக்கு மலேரியாவிலிருந்து பாதுகாப்பு கிடைக்கிறது. மலேரியா கொன்று குவித்த பகுதிகளில் இந்த மரபணு ஏன் நிலைத்தது என்பதற்கு இதுவே விடை.

இந்தியாவில் இருக்கும் வகையில் காமா மரபணுவின் அருகே ஒரு சின்ன வேறுபாடு உண்டு. பெரியவர்களானாலும் காமா முழுசா மூடாது. பலருக்கு நோய் சற்று மிதமாக இருக்க அது ஒரு காரணம். பலருக்குத்தான், எல்லோருக்கும் இல்லை. அந்தப் பையனைக் கேட்டால் மிதம்னு சொல்லமாட்டான்.

17/
பூட்டை அசைத்த முதல் மருந்து ஹைட்ராக்ஸியூரியா. 1869-லேயே ஜெர்மனியில் தயாரான பழைய ரசாயனம். ரத்தப் புற்றுநோய்க்குக் கொடுத்துக்கொண்டிருந்த மாத்திரை. அது கரு ஹீமோகுளோபினைக் கூட்டுகிறது என்று 1980-களில் தெரிந்தது. 299 பெரியவர்களிடம் நடந்த ஆய்வு 1995-ல் வெளியானது. வலித் தாக்குதல்கள் ஏறக்குறைய பாதியாகக் குறைந்தன. 1998-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கு அனுமதி.

ஜேனட் வாட்சனின் கேள்விக்கும் இந்த அனுமதிக்கும் நடுவே சரியாக 50 வருஷம்.

18/
ஆனா காமாவை மூடுவது யார்? 2007, 2008-ல் ஆயிரக்கணக்கானவர்களின் மரபணுக்களை ஒப்பிட்டபோது ஒரு பெயர் மேலே வந்தது: பி.சி.எல்.11ஏ. இதுவும் ஒரு புரதம்தான். காமா மரபணுவின் வாசலில் உட்கார்ந்து கதவைச் சாத்துவது இதன் வேலை. பாஸ்டனில் ஸ்டூவர்ட் ஆர்கின், விஜய் சங்கரன் உள்ளிட்ட குழு 2008-ல் இதைக் குறைத்துப் பார்த்தது. காமா திரும்பத் திறந்தது.

19/
அப்போ அந்தக் காவலாளியை ஒழிச்சிடலாமே? முடியாது. மூளை வளர்ச்சிக்கும் வெள்ளணுக்களுக்கும் அவன் வேண்டும்.

2013-ல் வழி கிடைத்தது. சிவப்பணு உருவாகும் செல்லில் மட்டும் இந்தக் காவலாளியை வேலைக்குக் கூப்பிடும் ஒரு சிறு டி.என்.ஏ பகுதி உண்டு. அதை மட்டும் வெட்டினால், ரத்தத்தில் காவல் நிற்கும், மூளையில் தொடரும். சுவிட்சுக்கே ஒரு சுவிட்ச்!

20/
அங்கேதான் கிறிஸ்பர் கத்தரி வெட்டியது. நோயாளியின் ரத்த ஸ்டெம் செல்களை வெளியே எடுத்து, வெட்டி, கீமோ கொடுத்துப் பழைய மஜ்ஜையைக் காலி செய்து, திருத்திய செல்களை ஏற்றுகிறார்கள். கேஸ்ஜெவி என்ற இந்தச் சிகிச்சைக்கு 2023 நவம்பரில் பிரிட்டனும் டிசம்பரில் அமெரிக்காவும் அனுமதி கொடுத்தன. போதிய காலம் கண்காணிக்கப்பட்ட 31 பேரில் 29 பேருக்குக் குறைந்தது 12 மாதம் தொடர்ச்சியாகக் கடும் வலித் தாக்குதல் வரவில்லை.

கவனிச்சீங்களா? பீட்டாவில் இருக்கும் அந்த எழுத்துப் பிழையை யாரும் தொடவே இல்லை. அது அப்படியே இருக்கு. மூடிய நல்ல பக்கத்தைத் திறந்தார்கள்.

21/
விலை? அமெரிக்காவில் 22 லட்சம் டாலர். அன்றைய மதிப்பில் சுமார் 18 கோடி ரூபாய். இந்த நோய் அதிகம் இருப்பது ஆப்பிரிக்க கிராமங்களிலும் இந்தியப் பழங்குடிக் குடியிருப்புகளிலும். அவர்களுக்கு இந்தத் தொகை வெறும் எண்.

அதே காமாவை ஓரளவு திறக்கும் ஹைட்ராக்ஸியூரியா மலிவான மாத்திரை. உலக சுகாதார அமைப்பின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் இருக்கு. 2047-க்குள் இந்த நோயை ஒழிக்க இந்திய அரசு 2023 ஜூலையில் தேசிய இயக்கம் தொடங்கியது. 40 வயது வரையுள்ள 7 கோடிப் பேரைப் பரிசோதிப்பது இலக்கு. பரிசோதனையில் கண்டுபிடிப்பது பாதி வேலை. அந்த மாத்திரை மாதாமாதம் மலைக்கு மேலே போய்ச் சேருவது மீதிப் பாதி.

22/
நீங்க தெரிஞ்சு வெச்சுக்க வேண்டியது:

ஒரு பிரதி மட்டும் சுமப்பவர் நோயாளி இல்லை. தாய், தந்தை இருவரும் சுமப்பவர்களாக இருந்தால், ஒவ்வொரு கர்ப்பத்திலும் குழந்தைக்கு நோய் வர 4-ல் 1 வாய்ப்பு.

குடும்பத்தில் யாருக்காவது இருந்தால் ரத்தப் பரிசோதனை செய்துகொள்ளுங்கள். திருமணத்துக்கு முன்னாடி செய்தால் இன்னும் நல்லது.

ஹைட்ராக்ஸியூரியா மருத்துவர் கண்காணிப்பில், ரத்த அணுக்களை எண்ணிப் பார்த்துக்கொண்டே எடுக்க வேண்டிய மருந்து. தானாக வாங்கிச் சாப்பிடக் கூடாது. கர்ப்பத்துக்குத் திட்டமிடுகிறவர்கள் முதலிலேயே மருத்துவரிடம் சொல்லுங்க.

23/
இதைப் படிக்கும் இளம் மருத்துவர்களுக்கு ஒரு வார்த்தை. வலியை அளக்க நம்மிடம் கருவி இல்லை. அதனால் நோயாளி சொல்வதை நம்புவதில்தான் வைத்தியம் தொடங்குது. அந்த ராத்திரி நான் அதைச் செய்யவில்லை. காலையில் அவனுக்கு உரிய வலி மருந்து போட்டு, திரவம் ஏற்றிவிட்டு, மன்னிப்புக் கேட்கலாம்னு பக்கத்தில் போனேன். ஆறு மணி நேரம் கத்தியவன் அசந்து தூங்கிக்கொண்டிருந்தான். எழுப்ப மனசு வரலை.

சந்தேகம் இருந்தால் கீழே கேளுங்க, தெரிந்தவரை பதில் சொல்றேன்.