ஏலக்காய் மலையும் தேய்ந்த பற்களும்



குரங்கணி மலைப்பக்கம் இருந்து இறங்கி வரும் கொட்டகுடி ஆறு, போடியைத் தொட்டுக்கொண்டு போய் வைகையில் சேருகிறது. அதே வைகைக் கரையில், கீழடிக்குப் பக்கத்தில் இருக்கிறது கொந்தகை. 2020 முதல் தமிழகத் தொல்லியல் துறை அங்கே முதுமக்கள் தாழிகளைத் தோண்டி எடுத்தது. அவற்றில் கிடைத்த இரண்டு மண்டையோடுகளைக் கொண்டு, மதுரை காமராசர் பல்கலைக்கழகமும் இங்கிலாந்தின் லிவர்பூல் ஜான் மூர்ஸ் பல்கலைக்கழகமும் அக்கால மனிதர்களின் முகங்களை உருவாக்கி 2025-இல் வெளியிட்டன.

எலும்பு மக்கிப்போனாலும் பல் நிற்கும். பல்லின் மேல்பூச்சான எனாமலில் சுமார் 96 சதவீதம் தாதுப்பொருள்தான். நம் உடம்பில் அதைவிடக் கெட்டியானது வேறு இல்லை. பழைய எலும்புக்கூடு எங்கே கிடைத்தாலும், கடைவாய்ப்பல் எவ்வளவு தேய்ந்திருக்கிறது என்பதை வைத்து இறந்தவரின் வயதைக் கணிக்கும் முறை உண்டு. பல் தேய்வது அவ்வளவு பழைய கதை.

அன்று தேய்த்தது எது?

முதல் காரணம் கல். திருகையில் அரைத்த கேழ்வரகு, கம்பு, சோள மாவிலும் அம்மியில் அரைத்த மசாலாவிலும் கல்லின் நுண்துகள் கலந்துவிடும். இரண்டாவது, பல் துலக்கியவை. ஆலங்குச்சி, வேப்பங்குச்சியோடு உமிக்கரி, சாம்பல், செங்கல் தூள் என்று கைக்குக் கிடைத்ததை எல்லாம் வைத்துத் தேய்த்தோம். பல் பளிச்சென்று ஆனது. கூடவே எனாமலும் போனது.

மூன்றாவது காரணத்தில் நம் மலைக்கும் பங்கு உண்டு. தாம்பூலத்தோடு சேர்க்கும் பஞ்சவாசத்தில் தக்கோலம், இலவங்கம், சாதிக்காய், கற்பூரத்தோடு ஏலமும் ஒன்று. ஏலம் வாய்க்கு மணம் தந்தது. ஆனால் கூட மென்ற கொட்டைப்பாக்கு கடைவாய்ப்பற்களைத் தட்டையாக்கியது. புகையிலை சேர்க்காத பாக்கும் புற்றுநோய் தரும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை அறிவித்ததையும் மறந்துவிட வேண்டாம்.

இன்று தேய்ப்பது எது?

திருகை போய்விட்டது, தேய்மானம் போகவில்லை. குளிர்பானம், அடிக்கடி குடிக்கும் எலுமிச்சைச் சாறு, நெஞ்செரிச்சலில் மேலேறி வரும் அமிலம், முரட்டு பிரஷ், தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிப்பது ஆகியவை இன்றைய காரணங்கள். எனாமலை உருவாக்கும் செல்கள் பல் முளைக்கும்போதே அழிந்துவிடுவதால், போன எனாமல் திரும்ப வளராது. உள்ளே இருக்கும் மஞ்சள் நிற டென்டின் வெளியே தெரியும், அது இன்னும் வேகமாகத் தேயும். பல்லும் உள்பக்கம் மெல்ல டென்டினைச் சேர்த்துத் தன்னைக் காத்துக்கொள்ளும். அதனால் சிலருக்கு வலியே இருக்காது. பல் பாதியான பிறகுதான் தெரியவரும்.

திரும்பக் கட்டிய கதை

1850-களில் கந்தகம் கலந்து கெட்டியாக்கிய ரப்பரில் பல்செட் வந்தது. 1930-களின் கடைசியில் அக்ரிலிக் அந்த இடத்தைப் பிடித்தது. இரண்டுமே பல் போன பிறகு கட்டுபவை. இருக்கிற பல்லைக் காக்கும் பெரிய மாற்றம் 1955-இல் வந்தது. அமெரிக்கப் பல் மருத்துவர் மைக்கேல் புவனகோர், எனாமலை லேசாக அமிலத்தால் சொரசொரப்பாக்கினால் பிசின் நன்றாக ஒட்டும் என்று காட்டினார். பல் நிறத்திலேயே கம்போசிட் பூசி, தேய்ந்த பல்லின் உயரத்தை மீட்பது இதனால்தான் சாத்தியமானது. அதிகம் தேய்ந்திருந்தால் கிரவுன் போடலாம். பல்லே இல்லாத இடத்துக்கு இம்ப்ளான்ட். ஸ்வீடனின் பிரோனெமார்க் 1965-இல் டைட்டானிய இம்ப்ளான்டை முதன்முதலில் ஒரு நோயாளிக்குப் பொருத்தினார்.

நமக்கு என்ன?

"வயசானா பல்லு போறது சகஜம்தானே" என்று நம் வீட்டுப் பெரியவர்கள் கறி, கடலை, கீரைத்தண்டு எல்லாவற்றையும் விட்டுவிட்டு, குழைந்த சோற்றோடும் இட்லியோடும் நின்றுவிடுகிறார்கள். சத்து குறைகிறது, உடம்பு தளர்கிறது. எல்லாப் பல்லையும் பிடுங்கிவிடலாம் என்று முடிவெடுக்கும் முன், "எந்தெந்தப் பல்லைக் காப்பாற்றலாம்?" என்று மருத்துவரிடம் கேளுங்கள். தேய்மானத்தின் காரணத்தை முதலில் கண்டுபிடிக்கச் சொல்லுங்கள். இரவில் பல் கடிப்பவருக்கு உறை தேவைப்படலாம். நெஞ்செரிச்சலுக்குத் தனி வைத்தியம் வேண்டும். காரணத்தை விட்டுவிட்டுப் பூசினால் பூச்சும் தேயும்.

மென்மையான பிரஷும் ஃப்ளோரைடு பேஸ்ட்டும் போதும். புளிப்பாக எதையாவது குடித்தால் உடனே பல் துலக்காமல், தண்ணீரில் கொப்பளித்துவிட்டு ஒரு மணி நேரம் பொறுங்கள். கரித்தூள் கலந்த பேஸ்ட் இப்போது புது நாகரிகமாகக் கடைகளில் வருகிறது. அது நம் தாத்தாக்களின் உமிக்கரிதான், வாங்குமுன் யோசியுங்கள்.