ஆறு வாக்கும் 564 வாக்கும்

ரீட்டா ஹார்ட் ஆறு வாக்கில் தோற்றார். ஆடம் கிரே 564 வாக்கில் தோற்றார். இருவரும் ஜனநாயகக் கட்சியினர், மாநில அவையிலிருந்து அமெரிக்கப் பிரதிநிதிகள் சபைக்குப் போக முயன்றவர்கள். கிரே இரண்டே ஆண்டில் அதே தொகுதியில் வென்றார். ஹார்ட் மறுபடி போட்டியிடவில்லை. இதைக் குணத்தின் வித்தியாசம் என்று பேசுவது அநியாயம் என்பது என் எண்ணம்.

ஹார்ட் ஐயோவாவின் கிராமப்புற ஆசிரியை, விவசாயக் குடும்பம். 2013 முதல் ஆறு ஆண்டு மாநில செனட்டர். 2018-ல் அந்த இடத்துக்கு மறுபடி நிற்காமல், ஃப்ரெட் ஹப்பெலுடன் துணை ஆளுநர் பதவிக்குப் போட்டியிட்டார். அந்த அணி தோற்றது. பதவியும் கையைவிட்டுப் போனது. கிரே இப்படித் தாவவில்லை. மெர்சிட் பகுதியிலிருந்து 2012-ல் கலிபோர்னியா சட்டமன்றத்துக்குப் போய், பத்தாண்டும் தண்ணீரைப் பற்றியே பேசினார். மீன்வளத்துக்காக மெர்சிட், டுவாலமி, ஸ்டானிஸ்லாஸ் ஆறுகளில் கூடுதல் நீர் ஓடவிட வேண்டும் என்று மாநில நீர் வாரியம் முடிவெடுத்தபோது, பாசனத்துக்காக அதை எதிர்த்து நின்றார். ஆனால் 2022-ல் அவரை எதிர்த்த ஜான் டுவார்ட்டேயும் நாற்றுப்பண்ணை நடத்தும் விவசாயி. தண்ணீர்ப் பேச்சு அவருக்கும் கைவந்தது. பத்தாண்டு உழைப்பு அந்த ஆண்டு போதவில்லை.

ஐயோவாவில் 2020 நவம்பரில் நடந்ததைக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். ஹார்ட்டை எதிர்த்து நின்ற குடியரசுக் கட்சியின் மரியானெட் மில்லர்-மீக்ஸும் மாநில செனட்டர்தான். அதற்கு முன் மூன்று முறை காங்கிரஸ் தேர்தலில் தோற்றவர். முதலில் அவர் முன்னிலை என்றார்கள். ஜாஸ்பர் கவுண்டியில் எண்ணிக்கைப் பிழை தெரியவந்து ஹார்ட் முந்தினார். லூகாஸ் கவுண்டியில் இன்னொரு பிழை வெளிப்பட்டு மில்லர்-மீக்ஸ் மீண்டும் முந்தினார். மறு எண்ணிக்கைக்குப் பிறகு மாநிலம் சான்றளித்தது: 1,96,964க்கு 1,96,958.

22 வாக்குச்சீட்டுகள் தவறாக விலக்கப்பட்டன, அவற்றை எண்ணினால் தானே வென்றவர் என்றார் ஹார்ட். மாநில நீதிபதிகள் முன் போக அவகாசம் சில நாட்களே இருந்ததால், 1969-ம் ஆண்டுச் சட்டப்படி நேரே பிரதிநிதிகள் சபையிடம் மனு கொடுத்தார். சட்டப்படி அவருக்கு அந்த உரிமை இருந்தது. ஆனால் அந்தச் சபையில் பெரும்பான்மை அவருடைய கட்சிக்கே. டிரம்ப் ஆதரவாளர்கள் தேர்தல் முடிவை ஏற்க மறுத்து நாடாளுமன்றக் கட்டடத்துக்குள் புகுந்த மாதங்கள் அவை. மாநிலம் சான்றளித்த முடிவைத் தம் கட்சி புரட்டுவதா என்று ஜனநாயகக் கட்சிக்குள்ளேயே சிலர் தயங்கினார்கள். 2021 மார்ச் 31 அன்று அவர் மனுவைத் திரும்பப் பெற்றார். அவகாசம் குறைவானாலும் மாநில நீதிபதிகளிடமே முதலில் போயிருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். கட்சி சாராத ஒரு தீர்ப்பாவது அவர் கையில் இருந்திருக்கும். இருந்தும், அந்த 22 பேரின் வாக்கு எண்ணப்பட வேண்டும் என்ற அவருடைய கோரிக்கையைப் பேராசை என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை.

கிரே 2022 டிசம்பரில் தோல்வியை ஒப்புக்கொண்டார். பெருந்தன்மை என்று பாராட்டினால், 564 என்பது ஆறு அல்ல என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். அத்தனை வாக்கை மறு எண்ணிக்கை புரட்டுவது அபூர்வம்.

கிரேயைக் காப்பாற்றியது ஓரளவு காலண்டரும்தான். 2022-ல் அந்தத் தொகுதியில் இருவரும் பெற்றவை மொத்தம் 1,33,556 வாக்குகள். அதிபர் தேர்தலும் சேர்ந்து வந்த 2024-ல் 2,10,921. டிரம்ப் முந்திய தொகுதியில், கிரே டுவார்ட்டேயை 187 வாக்கில் வென்றார். கட்சியோடு முரண்படத் தயங்காத அந்தத் தண்ணீர்ப் பத்தாண்டு, இரண்டு கட்சிக்கும் மாற்றி மாற்றி வாக்களிப்பவர்களிடம் அப்போது உதவியிருக்க வேண்டும்.

ஹார்ட்டுக்கு ஐயோவாவில் அப்படி ஒரு காற்று வீசவில்லை. மாநிலமே குடியரசுக் கட்சிப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது. 2023 ஜனவரியில் ஹார்ட் மாநிலக் கட்சித் தலைவர் பொறுப்பை ஏற்றார். அடுத்த மாதமே, அதிபர் வேட்பாளர் தேர்வில் ஐயோவாவுக்கு இருந்த முதலிடத்தைத் தேசியக் கட்சி பறித்தது. 2024-ல் அதே கட்சி சார்பில் மில்லர்-மீக்ஸை எதிர்த்து நின்ற கிறிஸ்டினா போஹானன், முன்னாள் மாநிலப் பிரதிநிதி, 799 வாக்கில் தோற்றார். மறு எண்ணிக்கை கேட்டுப் பெற்றார், முடிவு மாறவில்லை.