முதலாண்டு மாணவரும் தமிழ்க் கட்டுரையும்

கல்லூரி ஆசிரியர்க்குரிய பணிகளுள் புகழ் குறைந்தது எது என்று வினவினால், முதலாண்டு மாணவரின் கட்டுரைகளைத் திருத்துவதே என்று பலரும் விடை கூறுவர். இலக்கியம் நடத்துவோர்க்குப் பாராட்டு உண்டு. ஆராய்ச்சி செய்வோர்க்குப் பட்டம் உண்டு. கட்டுரை திருத்துவோர்க்கோ விரலில் சிவப்பு மைக்கறைதான் மிச்சம். ஆயினும், நம் நாட்டு உரைநடையின் வரலாற்றை நோக்குவோர்க்கு அப்பணியின் பெருமை தெற்றென விளங்கும்.

சென்னைப் பல்கலைக்கழகம் 1857-ஆம் ஆண்டில் தோன்றியது. அங்கே ஆங்கிலம் அரசு வீற்றிருந்தது. தமிழுக்கு ஒரு மூலையே கிடைத்தது. 1902-ஆம் ஆண்டில் அந்த மூலையும் பறிபோகும் நிலை வந்தது. தாய்மொழிகளைப் பாடத்திட்டத்தினின்று நீக்கிவிடலாம் என்ற கருத்து எழுந்தது. சென்னைக் கிறித்தவக் கல்லூரித் தமிழாசிரியர் வி. கோ. சூரியநாராயண சாஸ்திரியாரும், அவர்தம் நண்பர் மு. சி. பூரணலிங்கம் பிள்ளையும் அதனை முனைந்து எதிர்த்தனர். அம்முயற்சி கைவிடப்பெற்றது. பரிதிமாற்கலைஞர் எனத் தம் பெயரைத் தமிழாக்கிக்கொண்ட சாஸ்திரியார், தம்மிடம் பயின்றோரை ‘இயற்றமிழ் மாணவர்’ என்று அன்போடு அழைத்தார். 1903-ஆம் ஆண்டில், 33-ஆம் வயதிலேயே அவர் மறைந்தார்.

1904-ஆம் ஆண்டுப் பல்கலைக்கழகச் சட்டத்தின்பின் வகுக்கப்பெற்ற விதிகள் ஒரு புதுமையைச் செய்தன. கல்லூரியின் முதலிரண்டு ஆண்டுகளாகிய இண்டர்மீடியட் வகுப்பில் தாய்மொழிக் கட்டுரை கட்டாயமாயிற்று. செய்யுளை மனப்பாடம் செய்து பொருள் எழுதிவந்த மாணவன், இனித் தன் கருத்தைத் தன் சொல்லால் கூறல் வேண்டும். எந்தத் தமிழில், எந்தத் தெலுங்கில் எழுதுவது என்னும் வினா உடனே தலைதூக்கிற்று.

தெலுங்கு நாட்டில் அது பெரும்போராகவே மூண்டது. கற்றோர் பேசும் நடையிலேயே மாணவர் எழுதலாம் என்றனர் கிடுகு ராமமூர்த்தியும் குரஜாடா அப்பாராவும். பழைய இலக்கண நடையே வேண்டும் என்றனர் மற்றையோர். பல்கலைக்கழகம் அமைத்த குழுவில் அப்பாராவின் பக்கம் பெரும்பான்மை இல்லை. 1914-ஆம் ஆண்டில் அவர் தமது மறுப்பை விரிவாக எழுதி அளித்தார். மறு ஆண்டே காலமானார். ஆனால், இன்று தெலுங்குச் செய்தித்தாள்கள் வழங்குவது அவர் விரும்பிய நடையையே அன்றோ? குழுவில் தோற்றவர் நாட்டில் வென்றார்.

வகுப்பின் பெயர் பின்னர் மாறியது. 1956-இல் புகுமுக வகுப்பு வந்தது. 1978-இல் மேனிலைப் பள்ளிக் கல்வி தொடங்கியபின் அதுவும் மறைந்தது. ஆனால் ஆசிரியரின் மேசைமீது பழைய வினா இன்றும் இருக்கிறது.

எங்கள் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஆடிப்பூரத் தேரோட்டம் புகழ்பெற்றது. அதனைப்பற்றி எழுதச் சொன்னால், ‘கண்கொள்ளாக் காட்சி’, ‘மக்கள் வெள்ளம்’ என்று தொடங்கி முடித்துவிடுவோர் பலர். ஆசிரியர் அதனை அடித்துவிட்டால் போதாது. “தேர் வீதி முனையில் எவ்வாறு திரும்பிற்று? சக்கரத்தின்கீழ் என்ன வைத்தனர்?” என்று வினவ வேண்டும். மாணவன் சிந்திப்பான், ‘முட்டுக்கட்டை’ என்று எழுதுவான். தடை என்னும் பொருளில் நாளும் கேட்ட சொல், உண்மையில் ஒரு மரக்கட்டை என்பதும், அதனைக் கையிலேந்தி உருளும் சக்கரத்தருகே நிற்பவரின் துணிவும் அப்பொழுதுதான் அவனுக்குப் புலனாகும். அடுத்த கட்டுரையில் கடன்வாங்கிய சொற்கள் குறையும். கண்ட பொருள்கள் கூடும்.

இம்மாற்றத்தைக் கண்ணாரக் காண்பதே ஆசிரியர் பெறும் முதல் ஊதியம். இரண்டாவது, நெசவு, உழவு, பஞ்சாலை ஆகிய தொழில்களின் சொற்களை மாணவரிடமிருந்தே அவர் கற்றுக்கொள்வது. மூன்றாவது ஊதியம் மொழிக்குச் சேர்வது. அகராதியில் உறங்கும் சொல்லும், தெருவில் மட்டும் வாழும் சொல்லும் கைகோத்து, நாளைய உரைநடை பிறக்கும் இடம் அந்த எளிய கட்டுரை ஏடே. முதிர்ந்தபின் நடையை மாற்றுவது அரிது. முதலாண்டிலோ அது இளங்கொம்பு, வளைத்தால் வளையும்.

ஆதலின், மாணவர்களே, உங்கள் ஏடு சிவப்பு மையால் நிறைந்து திரும்பினால் மனம் தளராதீர்கள். ஒருவர் உங்கள் ஒவ்வொரு சொல்லையும் பொருட்படுத்திப் படித்திருக்கிறார் என்று கொள்ளுங்கள். அடுத்த முறை, நீங்கள் கண்டதை, நீங்கள் எண்ணியதை, உங்கள் சொல்லால் எழுதிக் கொடுங்கள். அவர் வேண்டும் கைம்மாறு அதுவே.