ஆக்சிஜன் உணரியின் ஆயுள்: கிணற்று விளக்கு முதல் ஆழ்கடல் வரை

முன்னுரை

திருச்செங்கோட்டுச் சமவெளியில் பழங்கிணற்றில் தூர் வார இறங்குமுன் எரியும் விளக்கைக் கயிற்றில் கட்டி இறக்கிப் பார்ப்பது வழக்கம். அணைந்தால் ஆள் இறங்கக் கூடாது. ஆனால் ஆக்சிஜன் 16 விழுக்காட்டை நெருங்கும்போதுதான் சுடர் அணைகிறது. இந்தியச் சுரங்க விதிகளோ 19 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது என்கின்றன. இந்த இடைவெளியை நிரப்பியது மின்வேதி உணரி. அதன் ஆயுளை நீட்டும் முயற்சி, ‘எத்தனை மாதம் உழைக்கும்?’ என்ற கேள்வியில் தொடங்கி ‘எதுவரை நம்பலாம்?’ என்ற கேள்விக்கு வந்து சேர்ந்ததை இக்கட்டுரை காட்டுகிறது.

உணரி இல்லாத காலம்

உணரியின் தேவை முக்குளிப்பில் தெளிவானது. 1878-இல் இங்கிலாந்தின் ஹென்றி ஃபிளூஸ், வெளிவிட்ட மூச்சையே சுத்திகரித்துத் திரும்பத் தரும் மறுசுவாசக் கருவிக்குக் காப்புரிமை பெற்றார். 1880-இல் வெள்ளம் புகுந்த செவர்ன் சுரங்கப்பாதையில் அலெக்சாண்டர் லம்பர்ட் அதை அணிந்து இறங்கினார். அதில் தூய ஆக்சிஜன் மட்டுமே இருந்ததால் அளவிட வேண்டிய தேவை எழவில்லை. ஆனால் ஆழத்தில் தூய ஆக்சிஜன் வலிப்பை உண்டாக்கும். ஏறத்தாழ 6 மீட்டருக்குக் கீழே அது ஆபத்து. இன்னும் ஆழம் போக வேறு வாயுவைக் கலக்க வேண்டும். கலந்தால் ஆக்சிஜனை இடைவிடாமல் அளந்தாக வேண்டும்.

மின்கலமே உணரியானது

1952-இல் பால் ஹெர்ஷ் தானே மின்னோட்டம் தரும் கலத்தால் ஆக்சிஜனை அளந்தார். 1956-இல் லீலண்ட் கிளார்க், மின்வாய்களைச் சவ்வால் மூடிய தம் அமைப்பை வெளியிட்டார். 1964-இல் மக்கெரெத் வெள்ளியும் ஈயமும் கொண்ட மேம்பட்ட கலத்தை உருவாக்கினார். அடுத்த சில ஆண்டுகளில் வால்டர் ஸ்டார்க்கும் ஜான் கன்விஷரும் ‘எலக்ட்ரோலங்’ கருவியில் மின்னணு ஆக்சிஜன் கட்டுப்பாட்டைக் கொண்டுவந்தனர்.

இன்றைய மறுசுவாசக் கருவிகளில் பெரும்பாலானவை நம்புவது ஈயக் கலத்தைத்தான். டெஃப்லான் சவ்வின் வழியே நுழையும் ஆக்சிஜன், பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் வினைபுரிகிறது, ஈயம் ஆக்சைடாகிறது, அப்போது எழும் மின்னோட்டமே அளவு. ஆகவே அளப்பதே இதற்குத் தேய்மானம். காற்றில் 0.21 பார் அழுத்தத்தில் இருக்கும் ஆக்சிஜன், முக்குளிப்பில் 1.3 பாராகும்போது ஈயம் ஆறு மடங்கு வேகமாகக் கரைகிறது.

ஆயுளை நீட்டும் வழிகள்

சவ்வைத் தடிப்பாக்கினால் ஆயுள் கூடும். ஆனால் உணரி மெதுவாகவே பதில் சொல்லும். வெப்பம் வினையை முடுக்குவதோடு கரைசலையும் உலர்த்துகிறது. மூச்சின் ஈரம் சவ்வின்மேல் நீர்த்திவலையாகி வழியை அடைக்கிறது. கரியமில வாயு காரக் கரைசலைக் கெடுக்கிறது. ஆக்சிஜன் இல்லாத உறையில் வைத்தால் ஈயம் மிஞ்சும். ஆனால் கரைசல் உலர்வது நிற்காது. பயன்படுத்தியபின் உலர்த்தி, வெயில் படாமல் வைப்பதே பலன் தரும் பராமரிப்பு. இவ்வளவு செய்தாலும் ஓராண்டு, ஒன்றரை ஆண்டில் மாற்றிவிடுவதே நடைமுறை.

இதற்கு அழுத்தமான காரணம் உண்டு. முதுமையடைந்த கலம் காற்றில் சரியான அளவையே காட்டும். உயர் அழுத்தத்தில் மட்டும் ஓர் எல்லைக்கு மேல் ஏறாது. கருவியோ ஆக்சிஜன் குறைவென்று கருதி மேலும் செலுத்தும். முக்குளிப்பவருக்கு வலிப்பு வரக்கூடும். இதனால்தான் மூன்று கலங்களை ஒப்பிடும் முறை வந்தது. 6 மீட்டரில் தூய ஆக்சிஜனைக் கொடுத்து 1.6 பார் காட்டுகிறதா என்று பார்க்கும் சோதனையும் வந்தது. ஆனால் ஒரே நாளில் ஒரே தொகுதியில் வாங்கிய மூன்றும் சேர்ந்தே தளரக்கூடும்; எனவே அவற்றை வெவ்வேறு காலத்தில் மாற்றுவது நல்லது. ஒளிரும் சாயத்தின் ஒளியை ஆக்சிஜன் தணிப்பதைக் கொண்டு அளக்கும் ஒளியுணரியில் கரையும் ஈயமே இல்லை. ஆனால் அதன் சாயமும் நாளடைவில் மங்கும் என்பதால் அளவுத்திருத்தம் தேவை.

தமிழ்நாட்டில்

சென்னையில் உள்ள தேசியப் பெருங்கடல் தொழில்நுட்ப நிறுவனம் உருவாக்கும் ஆழ்கடல் ஆளேறு நீர்மூழ்கியான மத்ஸ்யா 6000, மறுசுவாசக் கருவியின் தத்துவத்தையே 2.1 மீட்டர் விட்டமுள்ள கோளத்தில் நிகழ்த்துகிறது. மூவருக்கு 12 மணி நேரமும், அவசரத்தில் 96 மணி நேரமும் மூச்சு தர வேண்டிய அமைப்பு அது. 2025-இன் தொடக்கத்தில் காட்டுப்பள்ளித் துறைமுகத்தில் அதை நீரில் இறக்கிச் சோதித்தார்கள்.

மறுசுவாசக் கருவியில் உள்ள அதே ஈயக் கலம், கழிவுநீர்த் தொட்டியிலும் கிணற்றிலும் இறங்குவோரின் கையடக்கக் கருவிகள் பலவற்றிலும் இருக்கிறது. கையால் மலம் அள்ளுவதைத் தடுக்கும் சட்டத்தின் 2013-ஆம் ஆண்டு விதிகள், பாதுகாப்புச் சாதனங்களின் பட்டியலில் வாயு அளவியைச் சேர்த்துள்ளன. ஆனால் கருவியை வாங்குவதோடு கடமை முடிவதில்லை. சித்திரை வெயிலில் லாரியின் முன்கூண்டில் கிடக்கும் அளவி குளிர்ந்த அலமாரியில் இருப்பதைவிட விரைவில் தளரும்.

முடிவுரை

ஈயக் கலத்தின் முடிவு அதன் வேதியியலிலேயே இருக்கிறது. பராமரிப்பு அதைத் தள்ளிப்போடும், நீக்காது. எனவே வாங்கிய நாளோடு தயாரிப்பு நாளையும் பதிவேட்டில் எழுதி வைப்பதும், இறங்குமுன் சோதனை வாயுவால் சரிபார்ப்பதும், கெடு வந்ததும் தயங்காமல் கலத்தை மாற்றுவதும் ஆயுள் நீட்டிப்பின் பகுதிகளே. மாற்றுக் கலத்தின் விலையைச் செலவுக் கணக்கில் தனித் தலைப்பாகச் சேர்க்காத ஊராட்சியோ ஒப்பந்ததாரரோ, அந்தச் செலவை இறங்கும் தொழிலாளியின் உயிர்மேல் ஏற்றுகிறார்கள்.